கால் ஊன்றினால் ஒரு மார்க்

என் கடையில் ஒரு ஸ்டூல் உண்டு. பஞ்சர் ஒட்டி முடிகிறவரை ஆட்கள் உட்காருவதற்காகப் போட்டது. அவர் வந்தால் முதல் வேலையாக அந்த ஸ்டூலை இடது காலால் சுவரோரமாகத் தள்ளுவார். தள்ளுகிற அந்தக் கால்தான் சூம்பிய கால். முட்டுக்குக் கீழே சதை கிடையாது. தோலும் எலும்புமாக இறங்கி, இறுக்கிக் கட்டிய ஒரு கறுப்பு ஷூவில் முடியும். ஒரு தள்ளில் ஸ்டூல் நகராவிட்டால் இன்னொரு தள்ளு. நகர்ந்த பிறகு என்னைப் பார்த்து, "இது ஆருக்குலே போட்டிருக்கே?" என்பார்.

நான் பதில் சொல்ல மாட்டேன். எனக்கு எப்போதுமே வாயில் சொல் வரத் தாமதம். வரும்போது எதிரே ஆள் இருக்க மாட்டார். அதற்கும் அவர் ஒரு பேச்சு வைத்திருந்தார். "கடை முழுக்கக் காத்து. கடைக்காரன் வாயில மட்டும் காத்து இல்ல."

வேலை முடிய ஒரு மணி நேரம் ஆனாலும் இரண்டு மணி நேரம் ஆனாலும், தூணைக்கூடத் தொடாமல் நின்றபடியே பார்த்துக்கொண்டிருப்பார்.

தடிக்காரன்கோணம் போகிற சாலையில் என் கடை. அவர் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், சர்ச்சுக்குப் பின்னால். மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டுவது அவருடைய தொழில். வயலுக்கு நீர் இறைக்கிற மோட்டார் எரிந்துபோனால் பூதப்பாண்டி வரைக்கும் உள்ளவர்கள் அவரிடம்தான் தூக்கி வருவார்கள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கலியாணம் செய்யவில்லை. மூத்த அக்காவோடு இருந்தார். இப்போது புனலூர்ப் பக்கம் ஒரு மோட்டார் கடையில் இருக்கிறார் என்று கேள்வி. போய் ஆறு வருஷம் ஆகிறது.

கால் ஏன் இப்படி என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், ஆளுக்கு ஒரு கதை சொல்வார். ஒருவரிடம், "கடியப்பட்டணத்துல வள்ளத்துல போனேன். சுறா கடிச்சிட்டு" என்றார். பாத்திரம் விற்க வந்த வெளியூர்க்காரரிடம், பட்டாளத்தில் குண்டு பாய்ந்தது என்றார். அந்த மனிதர் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். ஒரு சின்னப் பிள்ளை கேட்டதற்கு, "பல்லு தேய்க்காம இருந்தேன், அதான்" என்றார். அந்தப் பிள்ளையின் அம்மா பிறகு வந்து அவருக்கு நன்றி சொன்னாள்.

மூன்று வயதில் வந்த காய்ச்சல் என்று அவருடைய அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் வாயால் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒருநாள் வடசேரியிலிருந்து பஸ்ஸில் நானும் அவரும் வந்தோம். கூட்டம். ஊனமுற்றோர் சீட்டில் இருந்த ஒரு பெண் அவரைக் கண்டதும் எழுந்தாள்.

"நீங்க இருங்கண்ணே."

"ஏன், நீ இறங்கப் போறியா?"

"இல்ல, உங்களுக்கு..."

"எனக்கு என்ன?"

அந்தப் பெண்ணுக்கு முகம் வெளிறிவிட்டது. உட்காரவும் கூச்சம், நிற்கவும் கூச்சம். நின்றுகொண்டே வந்தாள். அவரும் நின்றார். மற்றவர்களுக்கும் அதில் உட்காரப் பயம். பூதப்பாண்டி வரைக்கும் அந்த சீட் காலியாகவே வந்தது. "ஆராவது ஒருத்தர் இருங்கப்பா, சீட்டு அழுவுது" என்று கண்டக்டர் சொன்னதற்குப் பஸ்ஸே சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. இறங்கிய பிறகு, அவள் என்ன குற்றம் செய்தாள் என்று அவரிடம் கேட்க நினைத்தேன். வழக்கம்போலக் கேட்கவில்லை.

சர்ச்சில் கன்வென்ஷன் நடந்தபோதும் இப்படித்தான். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் கூட்டம் முடிந்து இறங்கி வந்து, இவர் காலருகே முழங்கால் போட்டு, "தம்பிக்கு விசுவாசம் உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு, ஐயா. ஆனா காலு கிடக்கட்டு. எங்க அக்காவுக்கு சுகர் முந்நூறு இருக்கு. முதல்ல அதை ஜெபிச்சுக் குறைச்சுத் தாரும். காலைப் பிறகு பாப்போம்."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பிரசங்கியார் நல்ல மனிதர். அக்காவுக்காக உண்மையாகவே ஜெபம் செய்தார்.

அந்த அக்காதான் தம்பி பேரில் எழுதிப் போட்டு அரசாங்க ஸ்கூட்டரை வாங்கினார். பின்னால் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்த வண்டி. வீட்டு முற்றத்தில் வந்து இறங்கியது. இவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"நாலு சக்கரம். இது விழுமா?"

"விழாது, மக்கா. அதுக்குத்தானே குடுக்காவ."

"விழாத வண்டியில என்ன சவாரி?"

மறுநாளே திருப்பிக் கொடுக்கப் போனார். வாங்குவதற்கு விண்ணப்பம் உண்டு, திருப்பித் தருவதற்கு விண்ணப்பம் கிடையாது என்றார்களாம். ஐந்து முறை நடந்து, கடைசியில் தாமே ஒரு விண்ணப்பம் எழுதி, பக்கத்து ஊர்த் தையல்காரர் ஒருவர் பெயருக்கு அது போகும்படி செய்துவிட்டார். "அது நல்ல வண்டிதான். கேட்டவனுக்கு நல்ல வண்டி. நான் கேக்கல்ல" என்றார். அதற்குப் பிறகு ஒரு மாதம் அக்கா அவரோடு பேசவில்லை. சோறு வைத்த தட்டை மேஜையில் சத்தம் வரும்படி வைப்பார் என்று இவரே சொல்லிச் சிரித்தார்.

ஒரு மத்தியான நேரம் கடைக்கு வந்து, ஸ்டூலைத் தள்ளிவிட்டு, போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். அதில் ஒருவன் சீட்டே இல்லாத ஒரு மோட்டார் சைக்கிளில் எழுந்து நின்றபடி பாறைமேல் ஏறிக்கொண்டிருந்தான். வேகம் இல்லை. நத்தை மாதிரி ஊர்ந்தான். சில இடத்தில் அப்படியே நின்றான். வண்டி நிற்கிறது, ஆள் நிற்கிறான், கால் தரையில் இல்லை.

"பாத்தியா? இதுல ஓட்டப்பந்தயம் கிடையாது. பாறையில பைய ஏறி பைய இறங்கணும். காலு தரையில பட்டா ஒரு மார்க். விழுந்தா அஞ்சு மார்க். மார்க் கூடினவன் தோத்தான். மனசிலாச்சா?"

தலையை ஆட்டினேன்.

"உனக்கு மனசிலாகல்ல. காலு உள்ளவன் காலை ஊணப்படாது. ஊணினா குத்தம். இப்படி ஒரு சட்டம் நம்ம ஊர்ல எங்கயாவது உண்டாலே?"

அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரு பழைய நூறு சிசி வண்டியை வாங்கி உரித்தார். சீட், மட்கார்டு, விளக்கு எல்லாம் போயிற்று. பின் பல்சக்கரத்தைச் சோற்றுத் தட்டு அளவுக்குப் பெரிதாகக் கடைந்து போட்டார். கால் வைக்கிற மிதிகளைப் பின்னால் தள்ளி வைத்தார். இடது மிதியில் ஒரு தகடு, அதில் ஷூவைச் செருகுகிற மாதிரி ஒரு வார். கியர் மாற்றுவது இடது கால் வேலை ஆயிற்றே என்று யாரோ கேட்டார்கள். "கையால ஃபஸ்ட்டுல போட்டுட்டு மேல ஏறுவேன். அதுக்குப் பிறகு கியரை எதுக்குத் தொடணும்? நான் என்ன மெட்ராஸுக்கா போறேன்?" என்றார்.

ரப்பர் தோட்டத்துப் பாறைகளில் பழகினார். தினமும் ஒரு காயத்தோடு வந்தார். வலது பக்கம் சரிந்தால் வலது காலை ஊன்றி நின்றுவிடுவார். ஒரு மார்க்தான் போகும். இடது பக்கம் சரிந்தால் அந்தக் கணுக்கால் மடங்கும், வண்டி மேலே விழும். "வலது பக்கம் நான் ராஜா. இடது பக்கம் பாறைதான் தலையணை" என்றார். இப்படி விழுவதற்குப் பின் டயர் ஈரப்பாறையில் வழுக்குவதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். இரண்டே முக்கால் இஞ்ச் டயர் அது. நாலு இஞ்ச் வேண்டும், அதற்கென்றே செய்த மெத்தென்ற ரப்பர் வேண்டும் என்று லாரிக்காரர் ஒருவரிடம் சொல்லி எர்ணாகுளத்திலிருந்து வரவழைத்தார்.

டயர் என் கடைக்கு வந்த அன்று சாயங்காலம் அக்காவும் வந்தார். அவருக்கு ஸ்டூல் தேவைப்பட்டது. உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார்.

"மக்கா, நீ அதை மாட்டிக் குடுக்காண்டாம்."

நான் டயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவன் செத்துப்போவான். இப்ப விழுகது மூணடி உயரத்துல இருந்து. இதை மாட்டினா பத்தடி மேல ஏறுவான். அங்கே இருந்து விழுவான். நான் சொன்னா கேக்க மாட்டான். நீ சைஸ் சேராதுன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவான். நீ பொய் சொல்ல மாட்டேல்லா."

பொய் சொல்லாதவன் என்பதால் பொய் சொல்லச் சொன்னார். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் மாட்ட உட்கார்ந்தேன். உண்மையிலேயே சைஸ் சேரவில்லை. டயர் ரிம்மில் ஏறிவிட்டது. ஆனால் பின் சக்கரத்தைப் பிடிக்கிற இரும்புக் கவைக்குள் இடது பக்கம் ஒரு காகிதம்கூடப் போகாது. செயின் டயரின் ஓரத்தை அறுத்துவிடும்போல இருந்தது. மனதுக்குள் ஒரு நிம்மதி. எழுந்து சொன்னேன்.

"அண்ணே, இது சேராது."

"அளந்தியா?"

"கண்ணுக்கே தெரியுது."

"கண்ணை வச்சு என் காலைப் பாத்தவனெல்லாம் சேராதுன்னுதான் சொன்னான். நீ ஸ்கேலை எடு."

அளந்தோம். இடது பக்கம் அரைக்கால் இஞ்ச் போதாது, அவ்வளவுதான். செயினை வெளியே தள்ளலாம் என்றார். இரண்டு பல்சக்கரங்களுக்கும் பின்னால் ஒரே கனத்தில் தகடு கடைந்து வைத்து, செயினை ஒரு நாணயத்தின் கனத்துக்கு வெளியே கொண்டுவந்தோம். கவையின் உள்பக்கம் புடைத்திருந்த இடத்தை அரம் போட்டுத் தேய்த்தார். சக்கரம் சுற்றியது. எதிலும் உரசவில்லை.

அப்போதும் அவர் திருப்திப்படவில்லை. டயரைச் செம்மண் தண்ணீரில் நனைத்து, ஒரு செய்தித்தாளை விரித்து, அதன்மேல் வண்டியை இறக்கி அழுத்தித் தூக்கினார். தாளில் பதிந்த தடம் இரண்டு விரல் அகலம்தான்.

"பாத்தியா? ரிம்மு ஒடுக்கம். அது டயரை ரெண்டு பக்கமும் நெருக்கி முட்டை மாதிரி ஆக்குது. அகல டயர் வாங்கி ஒடுக்க டயர்ல ஓடுதேன் நான்."

பெரிய வண்டி ஒன்றின் அகல ரிம்மைப் பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். முப்பத்தாறு கம்பி ஓட்டைகளும் ஒத்து வந்தன. கம்பி ஒவ்வொன்றாகக் கோத்து, சுற்றிச் சுற்றி நேராக்க எனக்கு மூன்று நாள் ஆனது. மறுபடி செம்மண் தண்ணீர், மறுபடி செய்தித்தாள். இப்போது தடம் நாலு விரல். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு காற்று. ஆறு பவுண்டு போதும் என்றார். பின் சக்கரத்துக்கு இருபத்தெட்டு, முப்பது என்று வைத்துப் பழகிய கை என்னுடையது. என் மீட்டரில் பத்துக்குக் கீழே கோடே கிடையாது. கட்டைவிரலால் அழுத்தச் சொல்லிக் கொடுத்தார். பழுத்த பப்பாளியை அழுத்துகிற மாதிரி இருக்க வேண்டுமாம். முதல் நாள் அப்படியே வைத்தேன். பாறையில் ஏறும்போது டயர் ரிம்முக்குள் தனியாகச் சுற்றி, ட்யூபில் காற்று அடிக்கிற மூக்கைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. அதற்கும் வழி கண்டார். ரிம்முக்குள் ஒரு இரும்புத் துண்டை வைத்து, வெளியிலிருந்து போல்ட்டால் இறுக்கி, டயரை ரிம்மோடு கவ்வும்படி செய்தார்.

இரண்டாவது முறை காற்று வைக்கும்போது அக்காவின் கை இன்னும் என் தலையில் இருப்பதுபோல இருந்தது. காற்றில்லாத டயர் என்றால் ஆபத்து என்றுதான் என் தொழில் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறது. பதினைந்து வைத்துவிட்டேன்.

"எவ்வளவு?"

"ஆறு."

குனிந்து கட்டைவிரலை வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அக்கா வந்தாளா?"

நான் மீட்டரைத் துடைத்தேன்.

"இது பாவம் பாத்து வச்ச காத்து. எடுலே."

எடுத்தேன். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டாமல், நான் எடுத்து முடிக்கிறவரை தம் விரலை டயர்மேல் வைத்துக்கொண்டே நின்றார்.

ரப்பர் மரம் இலை உதிர்க்கிற மாதத்தில் பால்வெட்டு கிடையாது. தோட்டம் சும்மா கிடக்கும். அந்த நாட்களில் மலையடிவாரத்துத் தோட்டம் ஒன்றில், பைக் வைத்திருக்கிற பையன்கள் சேர்ந்து பாறை ஏறுகிற போட்டி வைத்தார்கள். காட்டோடை ஓரமாக ஐந்து இடங்களில் சிவப்பு நாடா கட்டி வழி போட்டிருந்தார்கள். தோட்டத்து முதலாளிதான் தலைமை. கையில் மைக்.

இவர் பெயர் கொடுக்கப் போனபோது நான் பக்கத்தில் நின்றேன். முதலாளி கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அண்ணாச்சிக்கு முன் வரிசையில நாற்காலி போட்டிருக்கு. சால்வையும் வாங்கி வச்சிருக்கோம். பையன்களுக்கு ரெண்டு வார்த்தை பேசணும்."

"எனக்கு நம்பர் வேணும்."

"அதுல்ல அண்ணாச்சி. விழுந்துட்டீங்கன்னா எங்களுக்குத்தானே கேடு?"

"மத்தவனுக விழுந்தா?"

"அவனுகளுக்குக் காலு..."

"சொல்லும். பாதியில நிறுத்தாதியும். காலு?"

முதலாளி மைக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். இவர் மேஜையில் கிடந்த சட்டத்தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தார். "ஹெல்மெட்டு வேணும்னு எழுதியிருக்கு. லைசன்ஸ் வேணும்னு எழுதியிருக்கு. காலு எத்தனை வேணும், எவ்வளவு கனத்துல வேணும்னு எங்க எழுதியிருக்கு? காட்டும்."

பன்னிரண்டாம் நம்பர் கிடைத்தது. அட்டையில் எழுதி, வண்டியின் முன்னால் அவரே கம்பியால் கட்டினார். கட்டும்போது கம்பி இரண்டு முறை நழுவியது. நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

மூன்றாவது இடத்தில் மார்க் எழுத வேண்டிய ஆள் வரவில்லை. முதலாளி என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்தார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு என்றேன். "எண்ணத் தெரியுமில்லா, போதும்" என்றார். ஒரு பாறைமேல் போய் உட்கார்ந்தேன்.

ஒவ்வொருவராக வந்தார்கள். எவனாவது காலை ஊன்றினால் இரண்டு கரையிலும் நின்ற கூட்டம் "ஊஊய்" என்று கூவியது. ஊர் வழக்கமே அதுதான். வள்ளப் போட்டியில் தோற்றாலும் வடம் இழுத்துத் தோற்றாலும் கூவல் உண்டு. கூவல் வாங்கினவன் பதிலுக்குக் கெட்ட வார்த்தை சொல்வான், கூட்டம் இன்னும் சிரிக்கும்.

பன்னிரண்டாம் நம்பர் புறப்பட்டது. கூவல் இல்லை. கைதட்டல். முதல் இடத்தில் சும்மா மிதியில் ஏறி நின்றதற்கே கை தட்டினார்கள். இரண்டாவது இடத்தில் வலது காலை ஒருமுறை ஊன்றினார். அதற்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள். மைக்கில் முதலாளி, "தன்னம்பிக்கை! தன்னம்பிக்கை!" என்றார். என் இடத்துக்கு வந்தபோது அவர் முகம் மிளகாய் கடித்த மாதிரி இருந்தது.

என் இடத்தில் இரண்டு பாறை. நடுவில் ஓடைத் தண்ணீர். ஏறினதும் காய்ந்த ரப்பர் இலை மூடிய சரிவு. அந்த இலை தட்டு அடுக்கியது மாதிரி வழுக்கும். அதுவரை அதைக் கடந்த எல்லாரும் ஊன்றியிருந்தார்கள்.

முதல் பாறையில் பின் டயர் பட்டதும் அது அப்பிப் பிடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். அகலமாகப் பரந்து, பல்லி சுவரைப் பிடிக்கிற மாதிரி பிடித்தது. நான் கோத்த கம்பி, நான் ஏற்றிய டயர். ஓடையைத் தாண்டினார். இரண்டாம் பாறையும் ஏறினார். சரிவில் இலை வழுக்கி வண்டி இடது பக்கம் போனது.

இடது கால் வாரிலிருந்து கழன்று தரையில் இறங்கியது. கணுக்கால் மடங்கியது. விழுந்தார் என்றே நினைத்தேன். விழவில்லை. இடுப்பாலும் இரண்டு கையாலும் வண்டியைத் தூக்கி வலது பக்கம் எறிந்தார். வலது கால் ஒருமுறை ஊன்றியது. இன்னொரு முறை ஊன்றியது. நாடாவைத் தாண்டிவிட்டார். கூட்டம் தட்டிய தட்டில் கிளி எல்லாம் பறந்தது.

அதுவரை அவருக்கு ஒரே ஒரு மார்க். என் இடத்தில் ஒன்றும் இல்லையென்றால் மூன்றாம் பரிசுக்காவது வழி உண்டு என்று மனக்கணக்கு ஓடியது. யாரும் கேட்கப்போவதில்லை. கூட்டமே கை தட்டிவிட்டது. நான் முட்டை போட்டேன்.

எஞ்சின் சத்தம் நின்றது. நிமிர்ந்தேன். வண்டியை மரத்தில் சாத்திவிட்டு, பாறைமேல் கையை ஊன்றி ஊன்றி அவர் திரும்பி வந்துகொண்டிருந்தார். கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது.

"என்ன எழுதினே?"

நோட்டைக் கையால் மறைத்தேன்.

"காட்டுலே."

காட்டினேன்.

"நான் ஊணினேனா, இல்லியா?"

"ஊணினிய."

"எத்தனை வாட்டி?"

"மூணு."

"எனக்கு முந்தி போனானே வெள்ளை வண்டிக்காரன், அவன் எத்தனை வாட்டி ஊணினான்?"

"ரெண்டு."

"என்ன எழுதினே?"

"ரெண்டு."

"அவன் ரெண்டு வாட்டி ஊணினா ரெண்டு. நான் மூணு வாட்டி ஊணினா முட்டை." குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தார். குரல் தாழ்ந்துவிட்டது. "அப்போ நான் ஊணினது காலு இல்லியாலே?"

கூட்டம் அமைதியாகிவிட்டது. முதலாளி மைக்கில், "அண்ணாச்சி, போட்டி நேரமாகுது, விட்டுருங்க, யாரும் ஒண்ணும் சொல்லல்ல" என்றார்.

"நீரு சும்மா இரும் வே! எழுதுகது அவன்." பிறகு என்னிடம், "எழுது" என்றார்.

பேனாவை அவரிடம் நீட்டினேன்.

"நான் எழுதினா அது நான் எழுதினது. நீ பாத்தே, நீ எழுது."

முட்டையை அடித்தேன். பக்கத்தில் மூன்று என்று எழுதினேன். எண் கோணலாக வந்தது. அவர் நோட்டை வாங்கி, இரண்டு கரைக்கும் தெரியும்படி தலைக்கு மேலே தூக்கினார்.

"மூணு!" என்று கத்தினார். "மூணு மார்க்! கேட்டியளா?"

பின் வரிசையில் எவனோ ஒருவன், என்ன செய்வது என்று தெரியாமல் கை தட்டத் தொடங்கினான்.

"கை தட்டுகது எவன்லே? மத்தவன் ஊணினா கூவுதிய, நான் ஊணினா கை தட்டுதிய. உங்க கையை வெட்டி ஓடையில போட்டுருவேன்!"

கைதட்டல் நின்றது. ஓடைத் தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது. எதிர்க்கரையில் ஒரு ரப்பர் மரத்தின் கவட்டில் ஒருவன் ஏறி உட்கார்ந்திருந்தான். அவன் இரண்டு கையையும் வாயில் குவித்து, தயங்கித் தயங்கி, "ஊ..." என்றான். இவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. அவனுக்குத் துணிச்சல் வந்தது. "ஊஊய்! மூணு வாட்டி ஊணியாச்சு டோய்! பன்னெண்டாம் நம்பரு போச்சு டோய்!"

பக்கத்தில் ஒருவன் கூவினான். பிறகு கரை முழுக்கக் கூவியது. பிறகு இந்தக் கரை. தோட்டமே கூவியது. நோட்டை என் மடியில் போட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே வண்டிக்குப் போனார். ஷூவை வாரில் செருகி இறுக்கினார். கையால் கியரைப் போட்டார். மிதியில் ஏறி நின்றார்.

"போங்கலே, சவங்களா!" என்று இரண்டு கரையையும் பார்த்துக் கத்தினார். வாய் காதுவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தது.

நாலாவது இடம் நான் இருந்த பாறையிலிருந்து கண்ணுக்குத் தெரியாது, வளைவுக்கு அப்பால். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரு பெரிய கூவல் எழுந்தது. விழுந்திருக்கிறார், ஐந்து மார்க். கூவல் அடங்குவதற்கு முன்னால், அதற்கும் மேலே, அவர் குரல் கேட்டது. யாரோ ஒருவனுடைய ஏழு தலைமுறையையும் வரிசையாகத் திட்டிக்கொண்டிருந்தார்.